பிரிட்டிஷ் தங்க ப்ரூஃப் நாணயங்கள்: சேகரிக்கத் தொடங்குபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிரிட்டிஷ் தங்க நாணயம் என்று பேச்செடுத்தால் அது கடைசியில் சவரனில்தான் வந்து நிற்கும். இந்தப் பக்கத்திலும் சவரனுக்கே அதிக இடம். ஐந்து பவுண்டு, இரண்டு பவுண்டு, அரைச் சவரன், பிரிட்டானியா எல்லாம் வேண்டிய இடத்தில் வரும். இன்றைய விலை என்ன என்பதை இங்கே தேடாதீர்கள். எதற்காக அந்த விலை என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

ப்ரூஃப் நாணயத்துக்கும் சாதாரணத் தங்க நாணயத்துக்கும் என்ன வித்தியாசம்?

மாற்றிலும் எடையிலும் வித்தியாசம் இல்லை. அடிக்கும் முறையில்தான் எல்லாம். முதலீட்டுக்காக விற்கும் சவரன் வேகமாக ஓடும் இயந்திரத்தில் ஒரே அடியில் உருவாகி, மற்ற நாணயங்களோடு உரசிக்கொண்டே பெட்டிக்குப் போய்விடும். ப்ரூஃபுக்கு அச்சையும் தங்க வில்லையையும் முன்கூட்டியே மெருகேற்றி வைத்து, மெதுவாக, அதிக அழுத்தத்தில், ஒரு தடவைக்கு மேல் அடிப்பார்கள். அடித்ததை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துச் சோதித்து உறையில் போடுவார்கள். அச்சில் உருவம் இருக்கும் பகுதியை மட்டும் நுண்ணிய சொரசொரப்பாக்குவதால் உருவம் வெளுத்தும், சுற்றியுள்ள வெற்றிடம் கண்ணாடி போலவும் தெரியும்.

கையில் கிடைத்தால் மேசை விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். ஒரு கோணத்தில் வெற்றிடம் முழுக்கக் கறுத்து, அரசியின் முகம் மட்டும் வெளுப்பாக மிதக்கும். இன்னும் கொஞ்சம் சாய்த்தால் அந்தக் கறுப்பில் விளக்கின் பிம்பம் கலையாமல் தெரியும். மெருகேற்றிய சாதாரண நாணயத்தில் பிம்பம் அலை அலையாகக் கலங்கும்.

எல்லா ப்ரூஃபும் பளபளக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். ஏழாம் எட்வர்ட் முடிசூட்டுக்காக 1902இல் வந்த ப்ரூஃப் வரிசை முழுவதும் மங்கல் மெருகு. விவரம் தெரியாதவர்கள் அதை அழுக்கு என்று எண்ணித் தேய்த்துவிடுவார்கள். தேய்த்த 1902 ப்ரூஃபுக்குத் தங்கத்தின் விலைக்கு மேல் பெரிதாக எதுவும் கிடைக்காது.

பிரிட்டிஷ் சவரனின் எடையும் நம் ஊர் சவரனும் ஒன்றா?

கிட்டத்தட்ட. நாணயத்தின் எடை 7.988 கிராம், விட்டம் 22.05 மில்லிமீட்டர், 22 காரட். உள்ளே இருக்கும் சுத்தத் தங்கம் 7.32 கிராம். நகைக்கடையில் சவரன் என்று 8 கிராமைக் கணக்கிடுவது இந்த எடையை முழுமையாக்கியதுதான். இதனால் தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி: அன்றைய 22 காரட் சவரன் விலைதான் ஏறத்தாழ இந்த நாணயத்தின் தங்க மதிப்பு. தனியாகக் கணக்குப் போட வேண்டியதில்லை.

மற்ற அளவுகள் இதன் மடங்குகள். அரைச் சவரன் 3.99 கிராம், இரட்டைச் சவரன் என்னும் இரண்டு பவுண்டு 15.97 கிராம், ஐந்து பவுண்டு 39.94 கிராம். கால் சவரன் 2009இல்தான் வந்தது. 13.5 மில்லிமீட்டர் விட்டத்தில், பின்பக்கம் குதிரைமேல் இருக்கும் புனித ஜார்ஜின் முகத்தைத் தேட பூதக்கண்ணாடி வேண்டும்.

ஒரே தங்கம்தான் என்றால் ப்ரூஃபுக்கு ஏன் அவ்வளவு கூடுதல் விலை?

அந்தக் கூடுதலை நகையின் செய்கூலி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். நகையை விற்கப் போனால் செய்கூலியை யாரும் திருப்பித் தருவதில்லை. ப்ரூஃபில் அது திரும்பி வரலாம், பல மடங்காகவும் வரலாம், அடியோடு போகவும் போகலாம். எது நடக்கும் என்பதை நாணயத்தின் வடிவமும், எத்தனை நாணயம் அடித்தார்கள் என்பதும், இன்னும் எத்தனை பேர் அதைத் தேடுகிறார்கள் என்பதும் தீர்மானிக்கின்றன. மூன்றில் முதலாவதைத்தான் புதியவர்கள் கவனிப்பதே இல்லை. நாணயத்தில் இருப்பது யார் செதுக்கியது, ஏன் அப்படிச் செதுக்கினார் என்று இரண்டு நிமிடம் பேச முடியாத நாணயத்துக்குக் கூடுதல் விலை தர வேண்டாம் என்பது என் கட்சி.

சவரன் எப்போது தொடங்கியது?

ஏழாம் ஹென்றி 1489இல் முதல் சவரனை அடிக்கச் சொன்னார். சிம்மாசனத்தில் அரசர் நேர் எதிராக அமர்ந்திருக்கும் பெரிய, மெல்லிய நாணயம். மறுபக்கம் டியூடர் ரோஜா. சந்தையில் செலவழிப்பதைவிட அரசரின் பகட்டைக் காட்டுவதே அதன் வேலை. முதலாம் ஜேம்ஸ் காலத்தோடு அந்தப் பெயர் வழக்கொழிந்தது. பிறகு ஒன்றரை நூற்றாண்டு கினி என்ற தங்க நாணயத்தின் ஆட்சி. நெப்போலியன் போர்கள் முடிந்ததும் 1816இல் பிரிட்டன் தன் நாணய முறையைப் புதுப்பித்தபோது, 21 ஷில்லிங் கினிக்குப் பதிலாக 20 ஷில்லிங் மதிப்பில், பழைய பெயரோடு ஒரு புதிய நாணயம் 1817இல் வந்தது. இன்று நாம் சேகரிப்பது இந்த இரண்டாவது சவரனின் வழிவந்தவற்றை.

சவரனில் குதிரைமேல் இருப்பவர் யார்? அந்த வடிவம் ஏன் 200 ஆண்டுகளாக மாறவில்லை?

டிராகனைக் கொல்லும் புனித ஜார்ஜ், இங்கிலாந்தின் காவல் புனிதர். செதுக்கியவர் பெனடெட்டோ பிஸ்ட்ரூச்சி, 1783இல் ரோமில் பிறந்த மணிக்கல் சிற்பி. 1815இல் லண்டனுக்கு வந்தார். அவர் அங்கே பெயர் வாங்கிய விதமே சுவையானது. இயற்கை அறிவியலாளர் சர் ஜோசப் பேங்க்ஸ் வீட்டில் அவருடைய உருவத்தைச் செய்துகொண்டிருந்தபோது, ரிச்சர்ட் பேய்ன் நைட் என்ற கலைச் சேகரிப்பாளர் தான் வாங்கிய பழங்காலக் கல் ஒன்றைப் பெருமையோடு கொண்டுவந்து காட்டினார். கிரேக்கக் காலத்து ஃப்ளோரா தேவி என்றார். பிஸ்ட்ரூச்சி பார்த்துவிட்டு, இது நான் செதுக்கி ரோம் வியாபாரி ஒருவருக்கு விற்றது என்றார். நைட் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. பழங்கால வேலை என்று நிபுணரே நம்பும் அளவுக்குச் செதுக்குகிறவர் என்ற செய்தி மட்டும் ஊரெல்லாம் பரவிவிட்டது.

ராயல் மின்ட் என்னும் அரசு நாணயச்சாலையின் தலைவர் வில்லியம் வெல்லஸ்லி போல், வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் பிரபுவின் அண்ணன், பிஸ்ட்ரூச்சியைப் புதிய நாணயங்களுக்கு அமர்த்தினார். புனித ஜார்ஜை இடைக்காலக் கவச வீரனாகக் காட்டுவதுதான் அதுவரை வழக்கம். இவர் அவரைக் கிரேக்க வீரனாக்கினார். உடம்பில் துணி கிடையாது. தலையில் கவசம், பின்னால் பறக்கும் போர்வை, அவ்வளவுதான். கால் வைக்க அங்கவடியும் இல்லை. ஏதென்ஸிலிருந்து எல்ஜின் பிரபு கொண்டுவந்த பார்த்தினன் சிற்பங்கள் அப்போது லண்டனில் பேச்சாக இருந்த காலம். அந்தக் குதிரைகளின் சாயலை இந்தக் குதிரையின் கழுத்தில் பார்க்கலாம். லண்டன் ஹோட்டல் ஒன்றில் வேலை பார்த்த இத்தாலியர்தான் புனிதருக்கு மாதிரியாக நின்றார் என்று ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

1817 நாணயத்தில் ஜார்ஜின் கையில் இருப்பது உடைந்த ஈட்டி. சுற்றிலும் கார்ட்டர் என்ற அரச வீரப்பட்டத்தின் பட்டை, அதில் 'தீதாக நினைப்பவருக்கே வெட்கம்' என்ற பொருளில் பிரெஞ்சு வாசகம். பட்டையின் கொக்கியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் போலின் பெயரெழுத்துகள் மூன்றும் தெரியும். தலைவரே தன் பெயரைச் செருகிக்கொண்டார்! 1821இல் பட்டை போய், கைக்கு வாள் வந்தது. இன்றைய சவரனில் இருப்பது அந்த 1821 அமைப்புதான். ஆண்டு எண்ணுக்கு வலப்பக்கம் பி.பி. என்று இருப்பது பிஸ்ட்ரூச்சி.

இவ்வளவு குட்டை வாளால் டிராகனை எப்படிக் கொல்வது, இந்த உட்காரலில் அடுத்த நொடி விழுந்துவிட மாட்டாரா என்றெல்லாம் அப்போதே விமரிசனம் கிளம்பியது. நியாயமான கேள்விகள்தான். ஆனால் வட்டத்துக்குள் ஒரு குதிரையையும் மனிதனையும் டிராகனையும் அடைத்து, எங்கேயும் நெருக்கடி தெரியாமல் செய்திருக்கிறார். குதிரையின் வால், போர்வை, டிராகனின் சிறகு மூன்றும் வட்டத்தோடு சேர்ந்து வளைகின்றன. 22 மில்லிமீட்டரில் இதைவிட நன்றாக யாரும் செய்துவிடவில்லை. மாறாமல் இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

பிறகு சில சவரன்களில் ஏன் கேடயம் இருக்கிறது?

நான்காம் ஜார்ஜ் மன்னருக்கு பிஸ்ட்ரூச்சி செதுக்கிய தன் முகம் பிடிக்கவில்லை. கழுத்து தடித்து, கன்னம் ஊதி, உள்ளபடியே செதுக்கியிருந்தார். பிரான்சிஸ் சான்ட்ரே செய்த அழகான மார்பளவுச் சிலையைப் பார்த்து நாணயத்தில் செதுக்கும்படி கேட்டார்கள். இன்னொருவர் வேலையை நகலெடுக்க மாட்டேன் என்று பிஸ்ட்ரூச்சி மறுத்துவிட்டார். அந்த வேலை நாணயச்சாலையின் இன்னொரு செதுக்குநர் வில்லியம் வயனுக்குப் போனது. 1825இல் புதிய முகமும் ழான் பாப்டிஸ்ட் மெர்லன் செய்த கேடயமும் வந்தன. புனித ஜார்ஜ் சவரனை விட்டே போய்விட்டார்.

1871இல் நாணயச்சாலையின் துணைத் தலைவர் சார்லஸ் ஃப்ரீமேன்டில் ஜார்ஜைத் திரும்பக் கொண்டுவந்தார். லண்டனில் கேடயம் 1874 வரையிலும், ஆஸ்திரேலியக் கிளைகளில் 1887 வரையிலும் கூடவே ஓடியது. பதவியிலும் பிஸ்ட்ரூச்சிக்கு மனக்குறைதான். வெளிநாட்டவர் என்பதால் தலைமைச் செதுக்குநர் பட்டம் கிடைக்கவில்லை. 1828இல் அது வயனுக்குப் போக, இவருக்குத் தலைமைப் பதக்கச் சிற்பி என்று புதிதாக ஒரு பெயர் கொடுத்துச் சமாளித்தார்கள். அவரும் பழிவாங்கினார் என்றே சொல்லலாம்: 1819இல் ஒப்புக்கொண்ட வாட்டர்லூ பதக்கத்தின் அச்சை 1849இல்தான் கொடுத்தார். பெற வேண்டிய மன்னர்களும் தளபதிகளும் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வெலிங்டன் மட்டும் மிச்சம்.

'உனாவும் சிங்கமும்' ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

1839இல் விக்டோரியாவின் புதிய நாணய வரிசைக்காக வயன் செய்த ஐந்து பவுண்டு அது. புழக்கத்துக்கு வரவே இல்லை, ப்ரூஃபாக மட்டும் நூற்றுக்கணக்கில் அடித்தார்கள். ஸ்பென்சரின் 'ஃபேரி குயீன்' என்ற 16ஆம் நூற்றாண்டுக் காவியத்தில் உனா என்றொரு பெண் வருகிறாள். அவளைத் தின்ன வந்த சிங்கம் அவளுக்கே காவலாகிவிடுகிறது. வயன் அந்த உனாவுக்கு விக்டோரியாவின் முகத்தைக் கொடுத்து, பிரிட்டனைச் சிங்கமாக்கி, அவள் செங்கோலை நீட்டி அதை வழிநடத்துவதாக வைத்தார். மேலே லத்தீனில் 'இறைவா, என் அடிகளை நடத்து' என்று பொருள்படும் வாசகம்.

அரசருக்குத் தலையைத் தவிர நாணயத்தில் வேறு இடம் இல்லாத காலத்தில், இருபது வயது அரசியைக் கதைமாந்தராகவே நடக்க வைத்தது பெரிய துணிச்சல். சிங்கம் அவள் பக்கத்தில் தலைகுனிந்து நடக்கவில்லை, நிமிர்ந்துதான் நடக்கிறது. அந்த ஒரு நுணுக்கத்துக்காகவே எனக்கு இது பிஸ்ட்ரூச்சியின் ஜார்ஜுக்கு அடுத்தபடி. அசல் இன்று பெரும் ஏலக்கூடங்களில்தான் கிடைக்கும். ராயல் மின்ட் 2019இல் 'மாபெரும் செதுக்குநர்கள்' வரிசையின் முதல் நாணயமாக இதே வடிவத்தை மறுபடி வெளியிட்டது. விற்பவர் 'உனா' என்று மட்டும் சொன்னால் எந்த ஆண்டு என்று முதலில் கேளுங்கள்.

விக்டோரியா முகங்களில் எத்தனை வகை?

சவரனில் மூன்று. 1838 முதல் வயனின் இளம் முகம். 1887இல் பொன்விழாவுக்காக ஜோசப் எட்கர் போம் செய்தது. முக்காட்டின் மேல் விழுந்துவிடும் போல ஒரு சின்னக் கிரீடம். ஊரே சிரித்தது. ஆனால் அந்தச் சின்னக் கிரீடம் கற்பனை அல்ல, அரசி உண்மையிலேயே அணிந்ததுதான். அதே ஆண்டில் ஆறு பென்னி வெள்ளிக் காசின் கேடயப் பக்கம் அரைச் சவரனைப் போலவே இருந்ததால், முலாம் பூசித் தங்கம் என்று மாற்ற ஆரம்பித்தார்கள். அவசரமாகத் திரும்பப் பெற்றார்கள். 1893இல் தாமஸ் பிராக்கின் முக்காடிட்ட முதிய முகம் வந்தபின் சிரிப்பு அடங்கியது.

பழைய தங்க ப்ரூஃப் வரிசைகள் எந்தெந்த ஆண்டுகளில் வந்தன?

ஆண்டுதோறும் ப்ரூஃப் விற்பது புதுப் பழக்கம். முன்பெல்லாம் புதிய அரசர், புதிய முகம், விழா என்று வந்தால்தான். 1826, 1831, 1839 வரிசைகள் மிக அரியவை. 1887இல் 797 தங்க வரிசைகள், 1893இல் 773, ஐந்தாம் ஜார்ஜின் 1911இல் 2,812, ஆறாம் ஜார்ஜின் 1937இல் 5,501. இந்தக் கடைசி வரிசைதான் பழையவற்றில் நடுத்தர வசதிக்காரர் எட்டிப் பிடிக்கக்கூடியது. ஐந்து பவுண்டிலிருந்து அரைச் சவரன் வரை நான்கு நாணயம், விளிம்பில் வரிப்பல் இல்லாமல் வழவழப்பாக இருக்கும். 1953இல் எலிசபெத்துக்காக அடித்த தங்க வரிசை அரசுச் சேகரிப்புகளுக்கு மட்டுமே போனது. வெளியே யாரும் அதை விற்க வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

எட்டாம் எட்வர்ட் சவரன் உண்மையில் உண்டா?

உண்டு, ஆனால் மாதிரிக்கு அடித்த சிலவே. 1937 ஜனவரியில் நாணயங்கள் வெளிவர இருந்தன. 1936 டிசம்பரில் அவர் முடியைத் துறந்துவிட்டார்.

அதில் ஒரு வேடிக்கை உண்டு. இரண்டாம் சார்லஸ் காலத்திலிருந்து ஒரு மரபு: ஒவ்வோர் அரசரும் முந்தியவருக்கு எதிர்த் திசையில் பார்க்க வேண்டும். ஐந்தாம் ஜார்ஜ் இடப்பக்கம் பார்த்தார், எனவே எட்வர்ட் வலப்பக்கம் பார்க்க வேண்டும். அவரோ தலை வகிடு தெரியும் இடப்பக்கம்தான் தனக்கு எடுப்பு என்று பிடிவாதம் பிடித்தார். ஹம்ஃப்ரி பேஜட் அப்படியே செதுக்கினார். தம்பி ஆறாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்தபோது, எட்வர்ட் ஒழுங்காக வலப்பக்கம் பார்த்ததாகவே பாவித்து, அவரை இடப்பக்கம் பார்க்க வைத்தார்கள். எலிசபெத் வலம், சார்லஸ் இடம். வரிசை இன்றும் ஒழுங்காக ஓடுகிறது. எட்வர்டின் 1937 சவரன் ஒன்று 2020இல் பத்து லட்சம் பவுண்டுக்குக் கைமாறியது. அந்த வகிடுக்குத்தான் அந்த விலை.

நவீன ப்ரூஃப் சவரன் எப்போதிலிருந்து? எதில் தொடங்கலாம்?

1979இல் 50,000 ப்ரூஃப் சவரன்கள் அடித்தார்கள். 1937க்குப் பிறகு பொதுமக்களுக்கு விற்ற முதல் ப்ரூஃப் சவரன் அதுதான். மறு ஆண்டு 91,200. அர்னால்ட் மேச்சினின் எலிசபெத் முகம், பின்னால் பிஸ்ட்ரூச்சி. எண்ணிக்கை அதிகம் என்பதால் தங்க மதிப்புக்குக் கொஞ்சம் மேலே கொடுத்தால் கிடைக்கும். ப்ரூஃப் என்றால் அரிது என்ற எண்ணத்தை உடைக்க இவையே போதும். முதல் நாணயமாக வாங்க இதைவிடப் பாதுகாப்பானது இல்லை, ஏனென்றால் இழப்பதற்கு அதிகமில்லை.

முகங்களின் வரிசை: மேச்சின் 1974 முதல், ரபேல் மக்லூஃப் 1985 முதல், இயன் ரேங்க்-பிராட்லி 1998 முதல், ஜோடி கிளார்க் 2015 முதல். ரேங்க்-பிராட்லியின் அரசிக்கு வயது தெரிகிறது. மக்லூஃபின் அரசிக்குத் தெரியாது. நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஐம்பது ஆண்டு வாழ்க்கை வரிசையாக இருக்கும். அளவாகச் செலவழித்துச் சேகரிக்க நல்ல திட்டம்.

1989 சவரனுக்கு மட்டும் ஏன் இந்த மவுசு?

சவரனின் 500ஆவது ஆண்டு. பெர்னார்ட் சிண்டால் ஏழாம் ஹென்றியின் முதல் சவரனையே எடுத்து அதில் எலிசபெத்தை அமர்த்தினார். சிம்மாசனத்தில் நேர் எதிராக, முழு அரச உடையில், செங்கோலும் உருண்டையும் ஏந்தி. பின்புறம் டியூடர் ரோஜா, நடுவில் கேடயம். எழுத்துகள்கூடப் பழைய கோத்திக் பாணியை நினைவூட்டும். எலிசபெத்தின் முகத்தைப் பக்கவாட்டில் மட்டுமே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது வேறு உலகம்.

சவரன் அளவில் இது ப்ரூஃபாக மட்டுமே வந்தது. ஒரே ஆண்டு, ஒரே தடவை. அதனால்தான் தங்க மதிப்பின் பல மடங்குக்குப் போகிறது. போலியும் இதில்தான் அதிகம் என்பதால் உறையும் சான்றிதழும் இல்லாத 1989ஐ நான் தொடமாட்டேன்.

அதற்குப் பிறகு வந்த வேறு வடிவங்கள்?

2002இல் எலிசபெத்தின் பொன்விழாவுக்கு டிமோதி நோடின் கேடயம். 2005இல் அவரே செய்த நவீன புனித ஜார்ஜ். 2012இல் வைரவிழாவுக்கு பால் டே செய்த ஜார்ஜ். மூன்றும் சாதாரணச் சவரனிலும் உண்டு. 2016இல் அரசியின் 90ஆவது பிறந்தநாளுக்காக ஜேம்ஸ் பட்லர் செய்த முகம் ப்ரூஃபில் மட்டும். 2017இல் நவீன சவரனின் 200ஆவது ஆண்டுக்கு, கார்ட்டர் பட்டையோடு கூடிய 1817 வடிவம் ப்ரூஃபில் திரும்பியது. அதே ஆண்டின் சாதாரணச் சவரனில் வழக்கமான ஜார்ஜும் 200 என்ற சிறு முத்திரையும்தான். இரண்டையும் குழப்பிக்கொண்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். 2022இல் பிளாட்டினம் விழாவுக்கு நோடின் அரச இலச்சினை, அரசி மறைந்தபின் மார்ட்டின் ஜென்னிங்ஸ் செய்த சார்லஸ் முகத்தோடு நினைவு நாணயம், 2023இல் முடி சூடிய சார்லஸ். எனக்குப் பிடித்தது 2017. பால் டேயின் ஜார்ஜ் கொஞ்சம் அளவுக்கு மீறிய ஆர்ப்பாட்டம்.

பிரிட்டானியா சேர்க்கலாமா?

பிரிட்டனைப் பெண்ணாக உருவகித்த பிரிட்டானியாவின் உருவத்தோடு 1987இல் முதலீட்டு நாணயமாக வந்தது. ஒரு அவுன்ஸின் முகமதிப்பு 100 பவுண்டு. பிலிப் நேதன் செய்த நின்ற கோலம் அழகு. 2012 வரை 22 காரட், 2013 முதல் 24 காரட். 22 காரட் காலத்திலும் 1989 வரை செம்பு கலந்ததால் சற்றுச் சிவப்பு, 1990 முதல் வெள்ளி கலந்ததால் மஞ்சள். இரண்டையும் அருகருகே வைத்தால்தான் தெரியும். ப்ரூஃப் வரிசையில் தேர் ஓட்டும் பிரிட்டானியா உட்படப் பல கோலங்கள் உண்டு. 24 காரட் மென்மையானது, எளிதில் கீறும்.

'வரையறுக்கப்பட்ட எண்ணிக்கை' என்று போட்டிருந்தால் நம்பி வாங்கலாமா?

எண் உண்மைதான். ஆனால் அது உச்சவரம்பு, விற்ற எண்ணிக்கை அல்ல. தனி நாணயமாக எத்தனை, மூன்று நான்கு நாணய வரிசைக்குள் எத்தனை என்று இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். கடைசியில் எண்ணிக்கையைவிடத் தேவைதான் விலையை நிர்ணயிக்கும். இருநூறே அடித்த நாணயத்தைத் தேட நூறு பேர்கூட இல்லை என்றால் அது விலை போகாது. கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வரிசைமேல் வரிசையாக வருவதைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. எல்லாவற்றையும் துரத்துவதைவிட இரண்டாம் சந்தையில் ஓராண்டு பொறுத்து வாங்குவது பெரும்பாலும் மலிவு.

70 புள்ளி தரச்சான்று அவசியமா?

என்.ஜி.சி., பி.சி.ஜி.எஸ். ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் 70 புள்ளி அளவுகோலில் தரம் போட்டு நாணயத்தைப் பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருகின்றன. 1900களின் தொடக்கத்துக்கும் அதற்கு முந்தியவற்றுக்கும் அது உதவும். அசல்தானா, துடைத்ததா என்ற இரண்டு கேள்விக்கும் பதில் கிடைக்கிறது. நவீன ப்ரூஃபில் நிறைய நாணயங்கள் 69, 70 என்றே வருகின்றன. கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிக்கு இரட்டை விலை தருவதற்கு எனக்கு மனம் வராது.

தங்க நாணயத்தில் சிவப்புப் புள்ளி வருகிறதே?

22 காரட் சவரனில் மீதம் இருப்பது பெரும்பாலும் செம்பு. கலவை சீராகக் கலக்காத இடத்தில் அது காற்றுப்பட்டுச் சிவக்கும். துடைக்காதீர்கள். நகைக்கடையில் கழுவக் கொடுக்கவும் வேண்டாம். ப்ரூஃபின் வெற்றிடத்தில் பருத்தித் துணி பட்டால்கூட மயிரிழைக் கோடு விழும், அது போகவே போகாது. விளிம்பை மட்டும் பிடித்து எடுங்கள், கீழே மெத்தென்ற துணி விரித்துக்கொள்ளுங்கள். பி.வி.சி. உறை வேண்டாம். கடலோர ஊர் ஈரத்துக்குப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு அவ்வப்போது மாற்றுங்கள்.

போலியைக் கண்டுபிடிப்பது எப்படி?

எடை, விட்டம், தடிமன் மூன்றும் ஒருசேரப் பொருந்த வேண்டும்: 7.988 கிராம், 22.05 மி.மீ., 1.52 மி.மீ. தங்கத்தைவிட லேசான உலோகத்தில் எடையைச் சரியாக்கினால் தடிமன் கூடிவிடும். நீரில் தொங்கவிட்டு அடர்த்தி பார்த்தால் 17.5ஐ ஒட்டி வரும். இந்தச் சோதனையைப் புழங்கிய சவரனில் செய்யலாம், ப்ரூஃபில் வேண்டாம்.

தந்திரமான போலி தங்கத்திலேயே செய்தது. 1950களில் பெய்ரூட் போன்ற இடங்களில் கிட்டத்தட்ட முழுத் தங்கத்தில் சவரன் அடித்தார்கள். சவரனுக்குத் தங்கத்தைவிடக் கூடுதல் விலை இருந்ததால் அதில் லாபம். 1957இல் பிரிட்டன் மறுபடி சவரன் அடிக்கத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். அப்படிப்பட்டதை எடையால் பிடிக்க முடியாது. புனித ஜார்ஜின் முகம் குழைந்திருக்கிறதா, எழுத்தின் ஓரம் மழுங்கியிருக்கிறதா, ஆண்டு எண்ணும் அரசரின் முகமும் பொருந்துகின்றனவா என்று பூதக்கண்ணாடியில்தான் பார்க்க வேண்டும்.

பாட்டியின் பெட்டியில் இருக்கும் ராஜா தலைக் காசு ப்ரூஃபா?

அநேகமாக இல்லை. நம் வீடுகளில் இருப்பவை புழக்கத்துக்கு அடித்த விக்டோரியா, எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் சவரன்கள். காசுமாலையில் கோத்தவை என்றால் விளிம்பில் பற்றவைப்புத் தடம் இருக்கும். அதற்குச் சேகரிப்பு மதிப்பு குறைவு, தங்க மதிப்பு முழுசாக உண்டு. ஆண்டு எண்ணுக்கு மேலே தரையில் சின்னதாக ஆங்கில எழுத்து இருக்கிறதா பாருங்கள். எஸ். என்றால் சிட்னி, எம். மெல்போர்ன், பி. பெர்த், எஸ்.ஏ. பிரிட்டோரியா. ஐ. என்று இருந்து ஆண்டு 1918 என்றால் அது பம்பாயில் அடித்தது. அந்த ஓராண்டு மட்டுமே அங்கே ராயல் மின்ட் கிளை சவரன் அடித்தது.

நூறு ஆண்டு கடந்த நாணயம் இந்தியச் சட்டப்படி தொல்பொருள். 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அதை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லவோ அனுப்பவோ கூடாது. லண்டன் ஏலத்துக்குப் பாட்டியின் காசைத் தபாலில் அனுப்பும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள்.

வரி எப்படி?

சவரனும் பிரிட்டானியாவும் பிரிட்டனில் செல்லுபடியாகும் பணம் என்பதால் அங்கே குடியிருப்பவர்களுக்கு விற்ற லாபத்தின்மேல் மூலதன ஆதாய வரி இல்லை. இந்தச் சலுகை இந்தியாவில் இருப்பவருக்குப் பொருந்தாது. இங்கே தங்கத்துக்கு 3 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, இறக்குமதித் தீர்வை தனி. தீர்வை அடிக்கடி மாறும். 2024 ஜூலையில் 15இலிருந்து 6 சதவீதமாகக் குறைந்தது. வெளிநாட்டில் ஆர்டர் போடுவதற்கு முன் அன்றைய விகிதத்தைப் பாருங்கள்.

விற்க வேண்டி வந்தால் நகைக்கடைக்குப் போகலாமா?

ப்ரூஃபைக் கொண்டுபோகாதீர்கள். அவர்கள் தராசில் போட்டு 22 காரட் விலை சொல்வார்கள், சிலர் உரைகல்லில் ஒரு தேய்ப்பும் தேய்த்துவிடுவார்கள். அந்தத் தேய்ப்போடு நீங்கள் கொடுத்த கூடுதல் விலை முழுக்கப் போயிற்று. நாணயச் சங்கக் கண்காட்சி, ஏலம், இன்னொரு சேகரிப்பாளர் என்ற வழிகளில் விற்கலாம், நேரம் பிடிக்கும். பெட்டி, சான்றிதழ், வாங்கிய ரசீது மூன்றையும் நாணயத்தோடேயே வையுங்கள். 1979, 1980 போன்றவற்றுக்குப் பெட்டி தொலைந்தாலும் பெரிய நட்டம் இல்லை. 1989க்குத் தொலைந்தால் வாங்குபவர் பேரம் பேச அதையே பிடித்துக்கொள்வார்.